காலியில் பிறந்தவரும் விண்கல்லும்

பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று தேடும் துறையின் முன்னோடிகளில் ஒருவர் எமது காலியில் பிறந்தவர். நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய வரலாறு இது.

சிறில் பொன்னம்பெரும 1923இல் பிறந்தார். அவர் நாசாவில் பணியாற்றிய காலத்தில், 1969இல், அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாக அவரது குழு 1970இல் அறிவித்தது.

தொட்டவர்களின் விரலிலிருந்து ஒட்டியிருக்கலாமே? உயிர்களின் புரதத்தில் இடக்கை வடிவ அமிலங்களே உண்டு. இக்கல்லிலோ இடமும் வலமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. புரதங்களில் காணப்படாத அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை வானிலிருந்தே வந்தவை என்று காட்ட முடிந்தது.

பின்னர் 1980களில் அவர் கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்து, இங்கும் அவ்வாய்வுக்கு இடம் தேடினார். 1994இல் காலமானார்.

2012 இறுதியில் பொலன்னறுவைப் பகுதியில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் டயற்றம் எனும் நுண்பாசியின் சுவடுகள் உண்டென்று, இலங்கையில் பிறந்த சந்திர விக்ரமசிங்கவின் குழு 2013இல் அறிவித்தது. அவை பூமியின் நன்னீர்ப் பாசிகளே, கல்லும் விண்கல் என்று நிரூபிக்கப்படவில்லை என்று மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள்.

இருவரும் எம்மவர்களே. ஆனால் வகுப்பறையில் நாம் முதலில் பழக்க வேண்டியது பெருமையை அல்ல. "இது பூமியிலிருந்து ஒட்டியதல்ல என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கத்தையே.