ஆச்சி நெற்றியில் கறுப்புப் பொட்டு

தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் படங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. ஆச்சி நெற்றியில் பொட்டு கறுப்பா இருக்கும். அந்தக் காலத்துல சாந்துதானே என்று சொல்லிவிடலாம். சாந்து வைத்தவர்களும் உண்டுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஐயாவின் விபூதிக்கு நடுவில் இருப்பதும் கறுப்பு. அவருமா சாந்து வெச்சிருப்பார்? வெற்றிலை போட்ட உதடு, பதக்கத்தில் கெம்புக்கல், எல்லாமே கறுப்பு.

காரணம், படம் எடுத்த கண்ணாடித் தகடு. அதில் பூசிய வெள்ளி உப்புக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்புக்கு அது குருடு. 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து பச்சை வரை பார்க்க வைத்தார். சிவப்பும் தெரிகிற பான்குரோமாட்டிக் தகடு 1906-ல் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் ஸ்டுடியோக்காரர்கள் பழசை லேசில் விடவில்லை. பழைய தகட்டைச் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம், புதுசை முழு இருட்டில்தான் கழுவணும்.

இதனால் அரக்குச் சிவப்புக் கண்டாங்கி படத்தில் ஏறக்குறைய கறுப்புச் சேலை ஆகிவிடும். நம்ம மாநிறமும் ஒரு படி கூடக் கறுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுப்பாக்கும் 'டச்சப்' வேலை.

அடுத்து லென்ஸ். 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் முகப்படத்துக்கென்றே ஒரு லென்ஸ் வடிவமைத்தார். கணக்குப் போட ஆஸ்திரிய பீரங்கிப் படை ஆட்களைக் கடனாகக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு (கம்ப்யூட்டர் என்றால் அன்றைக்குக் கணக்குப் போடும் மனுஷன்தான்!). எஃப் 3.6 அளவுக்குத் திறந்த அந்த லென்ஸால், நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியது ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. ஒரு குறை, அது தெளிவாகக் காட்டும் பரப்பு கிண்ணம் மாதிரி வளைந்தது. நடு முகம் பளிச்சென்று இருக்கும், ஓரத்து ஆட்கள் மங்குவார்கள். அதற்கு வைத்தியம், நாற்காலிகளை வில் போல வளைத்து ஓரத்து ஆட்களை முன்னுக்குக் கொண்டுவருவது. ஓரம் வரை தெளிவு தரும் டெஸ்ஸார் 1902-ல்தான் வந்தது. சஷ்டியப்தபூர்த்தி குரூப் போட்டோவில் வரிசை வளைந்திருந்தால் லென்ஸைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். ஆறரைக்கு எட்டரை அங்குல முழுத் தகட்டில், பன்னிரண்டு பதினாலு அங்குல லென்ஸ் போட்டால் கேமராக்காரர் எட்டு பத்தடி தள்ளித்தான் நிற்கணும். பிறகு வந்த யாஷிகா மேட்டில் 80 மி.மீ. லென்ஸ், ஒரு ரோலுக்கு 12 படம், ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸே ஆகாது. 1967 முதல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உள்ளூர் ஃபிலிம் தயாரித்தது. ஃபிலிம் உள்ளூரானாலும் இந்த இடைவெளி அப்படியே இருந்தது. டிஜிட்டல் வந்தபோது சென்சார் சின்னதாக இருந்ததால், ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரி வேலை செய்தது. யாரும் திட்டமிடாமலே கையில் நல்ல முகப்பட லென்ஸ்!

செல்போன்தான் தூரத்தைக் கைநீளத்துக்குக் குறைத்தது. 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஐயா மூக்கு பேரனுக்கு வந்திருக்கா என்று ஒப்பிடுகிறவர்கள் இதையும் கழித்துக்கொள்ளணும்.

என் கவலை வேறு. இப்போது குடும்ப வாட்ஸப்பில் பழைய படங்களுக்கு நிரல் வைத்து வண்ணம் ஏற்றுகிறார்கள். என் தொழில் சார்ந்தது என்பதால் சொல்கிறேன், அந்த நிரலுக்கு எந்தத் தகடு என்று தெரியாது. சாம்பல் நிறத்தைப் பார்த்து ஊகிக்கும், அவ்வளவுதான். கறுத்த கண்டாங்கியைக் கருநீலம் ஆக்கும், குங்குமத்தைக் கறுப்பாகவே விட்டுவிடும். பத்து வருஷம் கழித்து, ஆச்சிக்கு நீலச் சேலைதான் பிடிக்கும் என்று ஒரு பேத்தி நம்புவாள். அவளைத் திருத்த, ஆச்சியைக் கண்ணால் பார்த்தவர் அப்போது யாரும் இருக்க மாட்டார்.

தமிழக ஸ்டுடியோ படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் ஆக்கியது. அவர்கள் ஒருபுறம் செய்யட்டும். நம்ம வீட்டுப் படத்தை ஸ்கேன் பண்ணும்போது முகத்தை மட்டும் வெட்டாதீங்க. அட்டை ஓரத்து ஸ்டுடியோ முத்திரை, பின்பக்கத்துப் பென்சில் எழுத்து, எல்லாம் சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைங்க. வண்ணம் பூசுவதெல்லாம் இன்னொரு பிரதியில்.