ஆவணமும் காட்சியும்: பள்ளிக்கல்வியில் தொலைக்காட்சிப் படங்கள்

ஆவணப்படம் என்னும் தொடர் தமிழுக்குப் புதியது. ஆவணம் என்னும் சொல்லோ மிகப் பழையது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார், நம்பியாரூரரைத் தம் அடிமை என்று வழக்குரைத்த முதியவரை நோக்கி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனைக் காட்டுமாறு கேட்டதாகச் சேக்கிழார் பாடுகின்றார். முதியவர் மூல ஓலையை நீட்டினார். அவையத்தார் அதனைப் படித்த அளவில் அமைந்தாரல்லர். நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டன் எழுத்தினையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். ஆவணம் ஒன்று இருத்தல் மட்டும் போதாது. அஃது ஆராயப்படுதலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று பள்ளி மாணவர்க்கு வரலாறும் அறிவியலும் கற்பிக்கத் தொலைக்காட்சிப் படங்கள் பயன்படுகின்றன. இவற்றில் ஆவணமும் உண்டு, காட்சியும் உண்டு. ஆயின் அவற்றை ஒப்புநோக்கும் அவை வகுப்பறையில் இருக்கின்றதா என்பதே வினா. இவ்வினாவை முன்வைத்து, இம்முறை இந்நாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறித் திருவள்ளூர் மாவட்டத்தின் சான்றுகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் வந்த வழி

தமிழர் ஆவணப்பட வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஏ. கே. செட்டியார். காந்தியடிகளின் வாழ்க்கையைப் பற்றி அவர் உருவாக்கிய படம் 1940இல் தமிழில் வெளிவந்தது. பல நாடுகளுக்குச் சென்று அவர் திரட்டிய படச்சுருள் ஏறத்தாழ 50,000 அடி. அவற்றினின்று தேர்ந்து அமைத்ததே அப்படம். திரட்டியதிற் பெரும்பகுதி விலக்கப்பட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆவணப்படம் என்பது நிகழ்ந்தவற்றின் தொகை அன்று. நிகழ்ந்தவற்றுள் ஒருவர் தேர்ந்தவற்றின் தொகை.

தொலைக்காட்சி இந்தியாவில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. இரண்டாண்டுகளில், 1961இல், போர்டு அறக்கட்டளையின் உதவியோடு தில்லிப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பும் தொடங்கியது. இங்கிலாந்தில் பள்ளி ஒளிபரப்புத் தொடங்கியது 1957இல். ஆகவே நாம் நெடிது பிற்பட்டோம் அல்லோம். ஆய்வுக்கூடமும் கருவிகளும் தகுதிபெற்ற ஆசிரியரும் போதாமையே தில்லி முயற்சிக்கு முதற் காரணம். ஆதலின் அறிவியற் பாடங்கள் அதிற் சிறப்பிடம் பெற்றன.

அடுத்த பெருமுயற்சி 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நிகழ்ந்த செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிப் பயிற்றுச் சோதனையாகும். அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையில் ஊரார்க்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதன் வழி அளிக்கப்பட்டது. ஆந்திரமும் கருநாடகமும் அவ்வாறனுள் அடங்கின; தமிழ்நாடு அடங்கவில்லை. அதே 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆகவே தமிழகத்திற்குத் தொலைக்காட்சி நகரத்தின் வழியே வந்தது. அண்டை மாநிலங்களின் சில சிற்றூர்களுக்கோ வானத்தின் வழியே வந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. அங்கே தொலைக்காட்சி முதலில் ஊர்ப் பொதுவிடத்துப் பாடமாக அறிமுகமாயிற்று. இங்கே அது பெரும்பாலும் வீட்டுப் பொழுதுபோக்காக அறிமுகமாயிற்று.

1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயர்கல்வி ஒளிபரப்புத் தொடங்கியது. 1988இல் நேருவின் நூலைத் தழுவி ஷியாம் பெனகல் இயக்கிய 53 பகுதிகள் கொண்ட வரலாற்றுத் தொடர் நாடெங்கும் காணப்பட்டது. 2004 செப்டம்பர் 20ஆம் நாள், கல்விக்கெனவே அமைந்த எடுசாட் என்னும் செயற்கைக்கோள் சீரரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்டது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் அடைபட்டபோது, துணைப்பொருளாக எண்ணப்பட்ட அதுவே எத்தனையோ இல்லங்களில் வகுப்பறையாக நின்றது.

காலடியில் உள்ள பாடம்

எடுசாட் ஏவப்பட்ட சீரரிக்கோட்டைத் தீவு பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடைப்பட்டது. அவ்வேரியின் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்திற்கு உரியது. அக்கரையில் ஒல்லாந்தர் 1613இல் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் எச்சங்களும் அவர்தம் கல்லறைகளும் உள்ளன. அதே மாவட்டத்தின் மேற்கே, கொற்றலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் உள்ளது. நிலவியலறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு 1863 மே மாதம் பல்லாவரத்திற் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வில்லியம் கிங் என்பாரோடு அத்திரம்பாக்கத்திற் பல கருவிகளைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சி இவ்வாண்டினின்றே கணக்கிடப்படுகின்றது.

சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அங்கு நிகழ்த்திய அகழாய்வின் முடிவுகள் 2011இலும் 2018இலும் வெளியாயின. முதலாவது, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு முற்பட்டவை என்றது. இரண்டாவது, இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிற்று என்றது. இஃது அறிஞர் முன்பு கருதியிருந்த காலத்தினும் மிகத் தொன்மையானது.

இவற்றுள் முதலாவது காலக்கணிப்பு யாங்ஙனம் செய்யப்பட்டது? நிலத்தின் மேற்பரப்பிற் கிடக்கும் படிகக்கல்லில் விண்கதிர்கள் தாக்குதலால் பெரிலியம் 10, அலுமினியம் 26 என்னும் இரு கதிரியக்கத் தனிமங்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதையுண்டபின் அவை புதிதாக உண்டாதல் ஏறக்குறைய நின்றுவிடும்; முன்பு உண்டானவை வெவ்வேறு விரைவில் அழியும். எஞ்சிய இரண்டன் விகிதத்தை அளந்தால், கல் புதையுண்டு கழிந்த காலம் புலனாகும். வரலாறும் அறிவியலும் ஒரே குழியிற் சந்திக்கும் இப்பாடத்தினை எழுத்தால் விளக்குதல் அரிது. கண்ணாற் காணவியலாத கதிரையும், மனித வாழ்நாளுள் அடங்காத காலத்தையும் அசையும் படமே எளிதிற் காட்டவல்லது. ஒளிப்படக்கலையின் தகுதி இங்கே ஐயமற விளங்குகின்றது.

கும்மிடிப்பூண்டிச் சிறுவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களின் நிலையை இனி நோக்குவோம். அது தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி. உருக்காலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் பணிபுரிய வடமாநிலத்தார் பலர் வந்துள்ளனர். மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவினின்று குடும்பத்தோடு வருவோர் உளர். இவர்தம் மக்கள் பலர் பள்ளி வாயிலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். சிலர்க்குப் பாடநூலின் மொழியே அயன்மொழி.

இச்சிறுவர்க்குப் படம் இருவகையிற் பயன்படும். மொழி முழுதும் விளங்காத நிலையிலும் காட்சி விளங்கும். விளங்கிய காட்சி மொழியைக் கற்பதற்குத் துணையாகும். அன்றியும், தாம் வாழும் நிலம் உலக வரலாற்றில் இடம்பெற்ற நிலம் என்னும் உணர்வு அவர்க்கு உண்டாகும். எகிப்தியப் பிரமிடைத் திரையிற் காணும் சிறுவன், பிரமிடினும் பன்மடங்கு பழைய கருவிகள் தன் மாவட்டத்து மண்ணில் உள்ளன என்பதை அறியாதிருத்தல் கல்வியின் குறையேயாம். தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் சாலைகளும் பெருகிவரும் இம்மாவட்டத்தில், மண்ணின் அருமை அறியாதார் கையில் மண் நிலைத்திராது. ஓடையோரத்துக் கூழாங்கல்லுக்கும் ஒருவன் செதுக்கிய கருவிக்கும் வேறுபாடு அறிந்த சிறுவர் இருப்பின், அவ்வறிவே அவ்விடங்கட்குக் காவலாகும்.

மூவகை அளவை

ஆயினும் படத்தின் ஆற்றலே அதன் இடரும் ஆகும். நம் முன்னோர் அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர். ஆவணப்படத்தில் இம்மூன்றும் விரவியுள்ளன. அகழ்குழியையும் கற்கருவியையும் படக்கருவி காட்டுவது காண்டல். அக்கருவியைச் செய்தவன் ஆற்றங்கரையில் அமர்ந்து கல்லைச் செதுக்குவதாக நடிகரைக்கொண்டு அமைப்பது கருதல். பின்னணியில் ஒலிக்கும் விளக்கம் உரை. நூலில் ‘இருக்கலாம்’ என்னும் ஒரு சொல் கருதலைக் காண்டலினின்று பிரித்துவிடும். திரையிலோ ‘இருக்கலாம்’ என்பதற்குரிய காட்சி இல்லை. கருதியதும் கண்டதுபோலவே தோன்றும். அத்திரம்பாக்கத்துக் கருவிகளைச் செய்தோர் யாவர் என உறுதிகூற மனித எலும்பு எதுவும் அங்குக் கிடைத்திலது. ஆயின் படத்திற்கு ஒரு முகம் வேண்டும். அது முகத்தைத் தந்துவிடுகின்றது. அம்முகமே மாணவன் நெஞ்சில் நிலைக்கும்.

மற்றோர் இடரும் உண்டு. 2010இல் எடுத்த படம் ஒன்று அத்திரம்பாக்கத்தின் காலத்தை ஒருவாறு கூறியிருக்கும். 2018க்குப் பின் எடுத்தது வேறொருவாறு கூறும். பாடநூல் மறுபதிப்பிற் திருந்தும். படம் திருந்துவதில்லை, பழைய முடிவைக் குன்றாத உறுதியோடு அதே குரலில் என்றும் கூறிக்கொண்டிருக்கும்.

இவ்விடர்கட்கு அஞ்சிப் படத்தை விலக்குதல் அறிவுடைமை ஆகாது. திரையிடுமுன் ஆசிரியர் வினா ஒன்றை எழுப்புதலும், இடையிடையே நிறுத்தி, ‘இது கண்டதா, கருதியதா, ஒருவர் உரைத்ததா?’ எனக் கேட்டலும், முடிவிற் பாடநூலோடு ஒப்புநோக்கச் செய்தலும் போதும். தொலைக்காட்சி ஒளிபரப்பை ஆசிரியர் நிறுத்தவியலாத காலம் ஒன்று இருந்தது. பதிவுசெய்த படங்கள் எளிதிற் கிடைக்கும் இக்காலத்தில் அத்தடை நீங்கிற்று. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. படத்திற் கண்ட கைக்கோடரியை அங்குச் சென்று நேரிற் காணும் மாணவன், வெண்ணெய்நல்லூர் அவையத்தாரைப் போல் இரண்டு ஓலைகளை ஒப்புநோக்கியவன் ஆவான்.

முடிவுரை

தில்லியில் 1961இல் தொடங்கிய முயற்சி ஆசிரியர் குறையை நிரப்பப் பிறந்தது. அறுபதாண்டு கழிந்த பின்னர் நாம் அறிவது, நல்ல படம் நல்லாசிரியரை மிகுதியும் வேண்டுகின்றது என்பதேயாம். காட்சி பெருகியுள்ள இந்நாளில் ஆராய்ச்சியும் உடன் பெருகுதல் வேண்டும். தமிழ்த்துறையாருக்கும் இதிற் கடமை உண்டு. நல்ல தமிழில் பிழையற்ற விளக்கவுரை எழுதுதலும், கண்டதையும் கருதியதையும் சொல்லால் வேறுபடுத்திக் காட்டுதலும் மொழியறிந்தார் செயல்கள். உரையாசிரியர்கள் பாட்டிற்குச் செய்ததனை நாம் படத்திற்குச் செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின், கொற்றலையாற்றங்கரையிற் பல இலட்சம் ஆண்டு காத்துக்கிடந்த கற்கள், அவ்வாற்றங்கரைச் சிறுவர்க்கே முதற்பாடமாக அமையும்.