வீட்டு முகப்பூச்சும் வெல்ல இனிப்பும்: கவனிக்க வேண்டியவை

வீட்டில் தயாரிக்கும் முகப்பூச்சுகளும் இனிப்புகளும் இயற்கையானவை என்பதாலேயே தீங்கற்றவை ஆகிவிடா.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் நேரடியாகப் பூச வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் படும்போது எரிச்சலும் கொப்புளமும் தோன்றி, பல வாரங்கள் நீடிக்கும் கருந்திட்டுகள் உருவாகலாம். கடலை மாவு, தயிர், மஞ்சள் போன்றவற்றையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிக் கழுவி, 24 மணி நேரம் கவனித்த பின்னரே முகத்தில் பயன்படுத்தவும். கலவையை அன்றன்று தயாரிக்கவும். மீதியைச் சேமித்து வைக்கக்கூடாது.

வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரையே. 100 கிராம் வெல்லம் ஏறத்தாழ 380 கிலோ கலோரி ஆற்றலைத் தருகிறது. வெள்ளைச் சர்க்கரையிலோ இது ஏறத்தாழ 400. எனவே, நீரிழிவு உள்ளவர்கள் வெல்லத்தில் செய்தது என்பதற்காக இனிப்பைக் கூடுதலாக உண்ண வேண்டாம். எள்ளுருண்டை, கடலையுருண்டை செய்யும்போது வெல்லத்தின் அளவைக் குறைத்து, ஒன்றுடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு வயது நிறைவடையாத குழந்தைக்குச் சேனை வைப்பதற்காகக்கூட தேன் தரக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், குழந்தையின் குடலில் பெருகித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். தேன் உட்கொண்ட குழந்தைக்கு மலச்சிக்கல், சோர்வு, பால் குடிக்க இயலாமை, கண் இமை சரிதல் ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.