கொல்லிமலையில் நிலப் பயன்பாட்டு விதிகளும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும்

கொல்லிமலை தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ள மலைத்தொகுதி ஆகும். இங்கு எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை நகரமைப்பு, வனம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளின் விதிகள் தனித்தனியே வரையறுக்கின்றன. நீர், சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து மின்சாரம் பெறும் திட்டங்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. 20 மெகாவாட் திறன் கொண்ட கொல்லிமலை நீர்மின் திட்டம் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

அமைவிடமும் மக்களும்

மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை அடிவாரத்தை மேற்பரப்புடன் இணைக்கிறது. செம்மேடு இங்குள்ள முதன்மையான ஊராகும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என ஊராட்சிகள் 'நாடு' என்னும் பெயரால் வழங்கப்படுகின்றன. மக்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள் ஆவர். (இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர், மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள்.) நெல், சாமை, தினை, மிளகு, காப்பி முதலியன பயிரிடப்படுகின்றன. மலையில் தோன்றும் ஓடைகள் சேர்ந்து ஐயாறாகி, ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளியை அடைகின்றன.

நிலப் பயன்பாட்டு விதிகள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. இதன்படி முழுமைத் திட்டம் வகுக்கப்படும் ஊர்களில் நிலம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை முதலிய பயன்பாட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் வேறு வகைப் பயன்பாட்டை மேற்கொள்ள அரசின் இசைவு தேவை. மலைப்பகுதிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடாக மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் 1990இல் அமைக்கப்பட்டது. கொல்லிமலை உள்ளிட்ட மலைகளில், அறிவிக்கை செய்யப்பட்ட ஊர்களில் கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் இதன் ஆய்வுக்கு உட்பட்டவை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சூரிய ஆற்றல் அமைப்புகளுக்கான பிரிவும் இடம்பெற்றது.

வன நிலத்தை வேறு பணிக்கு மாற்ற, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும். எனினும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு பணிகளுக்கு எளிய வழி ஒன்றை வகுத்தது. பள்ளி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, மரபுசாரா ஆற்றல் அமைப்பு போன்ற குறிப்பிட்ட வசதிகளுக்காக, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் 1 எக்டேருக்குக் குறைவான வன நிலத்தை மாற்றலாம். வெட்டப்படும் மரங்கள் எக்டேருக்கு 75ஐ மிஞ்சக் கூடாது. ஆகவே சிற்றூருக்கான சிறிய சூரிய மின் அமைப்போ ஓடை மின்னாக்கியோ இவ்வழியில் அமைய இடமுண்டு. பெரிய திட்டங்களுக்கு இது பொருந்தாது.

பழங்குடியினர் பகுதிகளின் ஊராட்சிகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் அச்சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தவில்லை.

கொல்லிமலை நீர்மின் திட்டம்

ஏறத்தாழ 339 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இத்திட்டத்தை அப்போதைய தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் மேற்கொண்டது. மலைமீதுள்ள ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, நீரைத் திருப்பிக் கீழே கொண்டுசென்று, சுழலியை இயக்கி மின்சாரம் பெறுவது இதன் நோக்கமாகும்.

நீர்மின் திறன், நீரின் அளவையும் வீழ்ச்சி உயரத்தையும் பொறுத்தது. நொடிக்கு 1 கனமீட்டர் நீர் 100 மீட்டர் வீழ்ந்தால் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 980 கிலோவாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 500 மீட்டர் வீழ்ச்சியில் 20 மெகாவாட் பெற, இழப்புகளையும் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 5 கனமீட்டர் நீர் வேண்டும். உயரம் மிகுந்த மலைகளில் குறைந்த நீரைக் கொண்டே மின்னுற்பத்தி செய்ய இயல்வது இதனாலேயே ஆகும்.

இம்முறையில் நீர் செலவழிவதில்லை. சுழலியைக் கடந்தபின் மீண்டும் ஆற்றில் சேர்கிறது. ஆனால் தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதியில் நீரோட்டம் குறைகிறது. 2020களின் தொடக்கத்தில் மலைவாழ் மக்கள் இத்திட்டத்தை எதிர்த்தனர். ஓடைகளும் ஆகாயகங்கை அருவியும் வறண்டு, வேளாண்மை பாதிக்கப்படும் என்பது அவர்களின் அச்சமாகும்.

திறன் வரம்பு

நடுவண் அரசின் வகைப்பாட்டில் 25 மெகாவாட் வரையிலான நீர்மின் நிலையங்கள் சிறுநீர்மின் நிலையங்கள் ஆகும். பெரிய நீர்மின் நிலையங்களும் 2019இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வகையில் சேர்க்கப்பட்டன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 25 மெகாவாட்டும் அதற்கு மேற்பட்டதுமான நீர்மின் திட்டங்களுக்கே முன் இசைவு கோருகிறது. எனவே 20 மெகாவாட் திட்டம் மின் திறன் அடிப்படையில் இவ்வரம்புக்குக் கீழே அமைகிறது. அவ்வறிவிக்கையின்படி முன் இசைவுக்காக நடத்தப்படும் பொது விசாரணையும் இத்தகைய திட்டங்களுக்குக் கட்டாயமாவதில்லை. இவ்வரம்பு மின்னாக்கியின் திறனை மட்டுமே அளவிடுகிறது. ஓடையில் கோடைக்காலத்தில் எவ்வளவு நீர் ஓடுகிறது, அதனை நம்பி எத்தனை வயல்கள் உள்ளன என்பன அதில் கணக்கில் வருவதில்லை.

பிற நாடுகளில்

செருமனியில் 1997 முதல் நடைமுறைக்கு வந்த கட்டடச் சட்டத் திருத்தம், ஊருக்கு வெளியே காற்றாலைகள் அமைக்கச் சிறப்பு இசைவு அளித்தது. அதே வேளையில், அவற்றுக்குரிய பகுதிகளை நில வரைபடத்தில் முன்கூட்டியே ஒதுக்கும் வாய்ப்பையும் உள்ளூராட்சிகள் பெற்றன. 2022இல் இயற்றப்பட்ட சட்டம், 2032க்குள் நாட்டின் நிலப்பரப்பில் 2 விழுக்காட்டைக் காற்றாலைகளுக்கு ஒதுக்க இலக்கு வகுத்தது. அங்கு இடத் தேர்வு நிலத் திட்டமிடலில் தொடங்குகிறது. கொல்லிமலையில் நிலம், வனம், நீர் ஆகியவை தனித்தனி விதிகளின்கீழ் ஆராயப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

கொல்லிமலை
ஆகாயகங்கை அருவி
நீர்மின் ஆற்றல்
வன உரிமைச் சட்டம், 2006