தூண்டில் ஈ கற்பித்த பாடம்

தூண்டிலில் மீன் சிக்குவது தற்செயலன்று. ஆற்றை அறிந்தவனுக்கே அது வாய்க்கும். அமெரிக்க ஓடைகளில் வாழும் சிறுவாய் பாஸ் மீனின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகிறது.

1854ஆம் ஆண்டில், ஒகையோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இம்மீன்கள் சில, நீராவி இரயில் வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் கொணரப்பட்டுப் போட்டோமாக் ஆற்றில் விடப்பட்டன. அங்கே பல்கிப் பெருகின. 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவர் இவ்வினத்திற்கெனத் தனி நூலே வெளியிட்டு, அதன் போராடும் ஆற்றலை உலகறியச் செய்தார்.

கற்களுக்கிடையே ஒளியும் நன்னீர்க் கல்லிறாலும் சிறுமீன்களும் இதன் முதன்மை உணவு. ஆகவே, நீர்மேல் மிதக்கும் இறகு ஈ, ஆழத்தில் இரை தேடும் மீனை எட்டுவதில்லை. 1980களில் பென்சில்வேனியாவின் சசுகுவேகன்னா ஆற்றில் மீன்பிடித்த பாப் கிளௌசர் இக்குறையை நீக்கினார். மான்வால் உரோமம் கட்டிய தூண்டில் முள்ளின் தண்டில் இரு ஈயக் கண்களைப் பொருத்தினார். அவற்றின் எடையால் முள்முனை மேல்நோக்கித் திரும்பியது; பாறையில் சிக்குவது குறைந்தது. இழுத்தால் எழுந்தும் விட்டால் மூழ்கியும், அஞ்சியோடும் சிறுமீன்போல் அது இயங்கிற்று.

ஈயின் அழகன்று, மீன் எங்கே எதை உண்கிறது என்பதே தேர்வின் அளவுகோல். மாணவன் நிற்குமிடம் அறிந்து பாடம் தேரும் ஆசிரியர்க்கும் இது பொருந்துமன்றோ!