கடல் கடந்த டாக்டர் படிப்பும் முதல் வருஷமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், கப்பலூர், திருமங்கலம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "வெளிநாட்டுல டாக்டருக்குப் படிக்க வச்சா என்ன?" கரிசல் காட்டை விற்றோ, வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைத்தோ பிள்ளையை விமானம் ஏற்றிவிடுகிறார்கள். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் வந்தது. அதற்கு முன்பு நம் பக்கத்துப் பையனுக்கு, 1835-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரியே தூர தேசம்தான். நமக்கு அடுத்தாற்போல் இருக்கும் தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்களோ இராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தார்கள்! அது கிடக்கட்டும்.

பெற்றோர் எல்லோரும் கேட்பது கடைசி வருஷத்தைப் பற்றி. டிகிரி இங்கே செல்லுமா, வேலை கிடைக்குமா என்று. முதல் வருஷத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் கடல் கடந்து மருத்துவம் படித்தவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், விஷயம் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே தீர்மானமாகிவிட்டது என்று தெரிகிறது.

முதலில் சொல்ல வேண்டியவர் ஆனந்திபாய் ஜோஷி. மராட்டியப் பெண். 1865-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் கல்யாணம், பதினான்கு வயதில் பிரசவம். குழந்தை பத்தே நாளில் போய்விட்டது. சரியான வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமே என்ற ஏக்கம்தான் அந்தப் பெண்ணை டாக்டர் படிப்பின் பக்கம் திருப்பியது. கணவர் கோபால்ராவ் தபால் இலாகா ஊழியர். அவருக்குக் கூடப் போக வசதியில்லை. 1883 ஏப்ரலில் பதினெட்டு வயதுப் பெண் கல்கத்தாவிலிருந்து கணவர் துணையின்றிக் கப்பல் ஏறினார். ஜூனில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அதுவரை கடிதத்தில் மட்டுமே பழகியிருந்த கார்பென்டர் அம்மையார் துறைமுகத்துக்கே வந்து அழைத்துப் போனார். கோடை முழுவதும் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டு, அக்டோபரில் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் கஷ்டம் ஆரம்பம். சைவச் சாப்பாடு. கல்லூரி முடிந்து வந்து தானே சமைக்க வேண்டும். கணப்பு ஒழுங்காக எரியாத அறை. உடுத்தியிருந்ததோ ஒன்பது கஜம் புடவை. நம் ஊர் மடிசார் போல அது கெண்டைக்காலை மூடாது. பனியில் என்ன செய்வது? மேல்நாட்டு கவுனுக்கு மாற அவருக்கு மனம் ஒப்பவில்லை. குஜராத்திப் பெண்கள் கட்டுவது போலக் கால்வரை இறங்கும்படி புடவைக் கட்டை மாற்றிக்கொண்டார். கல்லூரித் தலைவி ரேச்சல் பாட்லி பரிவோடு நடத்தினார், உதவித்தொகையும் கிடைத்தது. இருந்தும் உடம்பு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. 1886 மார்ச்சில் பட்டம் வாங்கிவிட்டார். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் வேலையும் காத்திருந்தது. அந்த வேலையில் அமராமலே, 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்தார். பாடத்தில் அவர் தோற்கவில்லை. குளிரும் சாப்பாடும் தனிமையும் முதல் வருஷத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் கதை வேறு மாதிரி. ராயபுரத்தில் படித்து, பர்மாவில் தொழில் பார்த்துவிட்டு 1907-ல் லண்டன் போனவர். 1911-ல் எம்.ஆர்.சி.எஸ். வாங்கினார். அங்கே அவருக்கு வ.வே.சு. ஐயர் போன்றவர்களின் சகவாசம் இருந்தது. ஏற்கெனவே வைத்தியம் தெரிந்த மனிதர், பேச நம்மவர் கூட்டம், இரண்டும் பெரிய பலம் இல்லையா? பின்னாளில் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியாகவும் இருந்தார்.

அடுத்த அலை ரஷ்யா. 1960-ல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மறு வருஷம் அதற்கு லுமும்பா பெயர் வைத்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காப் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டது. படிப்புச் செலவு அவர்களுடையது, விடுதி, உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: முதல் வருஷம் மருத்துவமே கிடையாது! தயாரிப்புப் பிரிவில் உட்கார்ந்து ரஷ்ய மொழி படிக்க வேண்டும்.

முப்பத்து மூன்று எழுத்து. பார்த்தால் இங்கிலீஷ் மாதிரி இருக்கும், வாசித்தால் ஏமாற்றும். 'பி' போல இருப்பது 'ர', 'எச்' போல இருப்பது 'ந', 'சி' போல இருப்பது 'ஸ'. இலக்கணத்தில் ஆறு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்த நமக்கு அது பெரிசில்லை. பால் விஷயத்தில்தான் மண்டை காயும். மேஜை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லை! எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவனுக்கு ஒவ்வொரு சாமானுக்கும் பால் பார்ப்பது லேசா? அதைத் தாண்டினால் அடுத்த வருஷம் உடற்கூறு, அதோடு லத்தீனும் ஒரு பாடம். எலும்புகளின் பெயரெல்லாம் லத்தீனில் ஒப்பிக்க வேண்டும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி. சித்திரை வெயிலில் வளர்ந்த உடம்பு அதை எப்படித் தாங்கும்? டிசம்பரில் பகலே ஏழு மணி நேரம்தான். சாப்பாட்டுக்குக் கறுப்பு ரொட்டி, பீட்ரூட் போட்ட போர்ஷ் சூப். மோருக்கு ஏங்கியவர்களுக்குக் கெஃபீர்தான் ஆறுதல். வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்கு.

ஆனாலும் அந்த மொழி வருஷம் வீண் இல்லை என்பேன். நோயாளியின் கட்டில் அருகே நின்று "எங்கே வலிக்கிறது?" என்று அவன் பாஷையில் கேட்கத் தெரிந்த பிறகே பையன் மருத்துவத்துக்குள் போனான். இதையே தலைகீழாகச் செய்தவரும் உண்டு. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மாணவனை அந்நிய மொழிக்கு அனுப்பாமல் மருத்துவத்தையே தமிழுக்குக் கொண்டுவந்தார். 1867-ல் 'இரணவைத்தியம்', 1875-ல் 'கெமிஸ்தம்' என்று தமிழில் பாடநூல்களே வந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய சங்கதி!

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபின் இலவசப் படிப்பு குறைந்து, காசு கட்டிப் படிப்பது பெருகியது. ரஷ்யா, உக்ரைன், சீனா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா என்று நம் பிள்ளைகள் பரவினார்கள். 2002 முதல் திரும்பி வருபவர்களுக்கு இங்கே தகுதித் தேர்வு வந்தது. 300 மார்க்குக்கு 150 எடுக்க வேண்டும். 2018 முதல் போகும் முன்பே நீட். 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும், பாடமும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தபோது, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் பெட்டியை விட்டுவிட்டு எல்லை வரை நடந்தார்கள்.

இந்த ஆங்கில விதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். அன்று ஒரு முழு வருஷம் கொடுத்துக் கற்பித்த மொழியை, இன்று உடற்கூறு, உயிர் வேதியியலுக்கு நடுவே வாரத்தில் சில மணி நேரத்தில் விழுங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, போக நினைக்கும் தம்பி தங்கைகளே, கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே இதையும் கேளுங்கள். உள்ளூர் மொழிக்கு முதல் வருஷம் எத்தனை மணி நேரம்? சொல்லிக் கொடுப்பது யார்? பரீட்சை உண்டா? இந்தச் சந்திப்புக்கு வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் யாரேனும் வந்திருந்தால், மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.