இட்டாலிக்

இட்டாலிக்: வலப்பக்கம் சாய்ந்த எழுத்து; தமிழில் சாய்வெழுத்து.

பெயர் பிறந்த நாட்டைச் சொல்கிறது. வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ், 1501-இல் வர்ஜிலின் கவிதைகளை இவ்வெழுத்திலேயே அச்சிட்டார். அச்சை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. இத்தாலிய அறிஞர்களின் விரைவுக் கையெழுத்தே அதற்கு மாதிரி. அன்று நூல் முழுவதும் இட்டாலிக். நேரெழுத்துக்குத் துணையாக நின்று ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் வேலை பின்னர்தான் வந்தது.

நுனிக்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்துருக்களில் இட்டாலிக் இருவகை. ஹெல்வெட்டிகாவில் நேரெழுத்தே சாய்க்கப்பட்டிருக்கிறது. இதை 'ஒப்ளிக்' என்பார்கள். எரிக் கில் வடிவமைத்த கில் சான்ஸிலோ வடிவமே மாறுகிறது. நேரெழுத்தில் இரண்டடுக்காக இருக்கும் ஆங்கிலச் சிறிய 'ஏ', இட்டாலிக்கில் கையால் எழுதுவதுபோல் ஒற்றை வட்டமாகிறது. லூகாஸ் டி க்ரூட்டின் காலிப்ரியும் இவ்வழியே. சாய்வு குறைவாக இருந்தாலும் இத்தகைய எழுத்து உடனே வேறாகத் தெரியும்.

நூற்பெயர், பிறமொழிச் சொல், உயிரினங்களின் அறிவியல் பெயர், அழுத்தம் ஆகியவற்றுக்கு இது பயன்படும். முழுப் பத்தியையும் இதில் அமைத்தால் கண் சோரும். வேண்டிய சொல்லுக்கு மட்டும் வையுங்கள்.